11,000 பாட்டு 2,300 ஆன கதை: மூணு வருஷ அனுபவம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி என் ஹார்ட் டிஸ்க்ல 11,000 பாட்டு கிடந்துச்சு. கிடந்துச்சுன்னுதான் சொல்லணும், கேட்டேன்னு சொல்ல முடியாது. நண்பர்கள்கிட்ட வாங்கினது, பழைய போன்ல இருந்து காப்பி பண்ணது, எதுக்குன்னே தெரியாம இறக்கினதுன்னு எல்லாம் ஒரே குப்பை. இப்போ 2,300.

மொதல்ல பிளேயர் காட்டுற பிளே கவுண்ட்டை (ஒரு பாட்டு எத்தனை தடவை ஓடிச்சுங்கற கணக்கு) நம்பித்தான் ஆரம்பிச்சேன். வரிசைப்படுத்திப் பாத்தா 212 தடவையோட உச்சில ஒரு பாட்டு உக்காந்திருக்கு, எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பாட்டு! அப்புறம்தான் புரிஞ்சுது, கார்ல ப்ளூடூத் கனெக்ட் ஆனதும் அகர வரிசைல முதல்ல இருக்கற பாட்டு தானா ஓட ஆரம்பிச்சிடும், நான் பெல்ட் போட்டு, கண்ணாடி சரி பண்ணி, ரிவர்ஸ் எடுத்து ரோட்டுக்கு வர்றதுக்குள்ள அது முடிஞ்சே போயிருக்கும், கவுண்ட்ல ஒண்ணு ஏறிடும். அதோட பிளே கவுண்ட்டை விட்டுட்டேன்.

ஸ்கிப்தான் உண்மையைச் சொல்லுது. ஷஃபிள்ல போட்டுட்டு வேற வேலை பாத்துட்டு இருக்கும்போது முதல் 20 செகண்டுக்குள்ள கை தானா நெக்ஸ்ட் அமுக்குச்சுன்னா குறிச்சுக்குவேன். வேற வேற நாள்ல மூணு தடவை அப்படி ஆச்சுன்னா நேரா டெலிட் இல்ல, "காத்திருப்பு"ன்னு ஒரு ஃபோல்டர். ஆறு மாசத்துல நானா அதைத் தேடிப் போகலைன்னாதான் டெலிட்.

டூப்ளிகேட் இன்னொரு தலைவலி. ஒரே பாட்டு 128 கேபிபிஎஸ்ல ஒண்ணு, 320ல ஒண்ணு (ஒரு செகண்டு பாட்டுக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு, கூடினா தரமும் கூடணும்) இருந்தா யோசிக்காம 320ஐ வச்சுட்டு மத்ததைத் தூக்கிட்டு இருந்தேன். ஒருநாள் ஹெட்போன்ல கேக்கறப்ப டிரம்ஸோட சிம்பல் தட்டுச் சத்தம் எல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. சத்தத்தோட அதிர்வெண்ணைப் படமா காட்டுற ஸ்பெக் சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தா 16 கிலோஹெர்ட்ஸ் கிட்ட கத்தியால வெட்டின மாதிரி கோடு, அதுக்கு மேல ஒரே கருப்பு, அதாவது சத்தமே இல்ல. 128 ஃபைல்லதான் பொதுவா இப்படி இருக்கும். யாரோ 128 ஃபைலை 320ஆ மாத்தி வச்சிருக்காங்க. சைஸைக் குறைக்க எம்பி3 ஒருதடவை தூக்கிப் போட்ட சத்தம் திரும்ப வரவே வராது, நாலு நிமிஷப் பாட்டுக்கு 3.8 எம்பி இருக்கவேண்டிய இடத்துல 9.6 எம்பி அடைச்சிட்டு இருக்கும், அவ்வளவுதான். (ரொம்பப் பழைய ரெக்கார்டிங்ல அந்த உயர்ந்த அதிர்வெண்ல சத்தமே இருக்காது, அதுக்கு இந்த டெஸ்ட் செல்லாது.)

பெரிய சொதப்பல் டேக்ல, அதாவது ஃபைலுக்குள்ள எழுதி வச்சிருக்கற பாட்டு, பாடகர் விவரத்துல. "ட்ராக் 07"னு பேர் இருந்த, பாடகர் பேர் ஆல்பம் பேர் எதுவுமே இல்லாத ஃபைலை எல்லாம் மொத்தமா செலக்ட் பண்ணி டெலிட் அடிச்சேன். அதுல ஒண்ணு இன்னும் மண்டைல ஓடுது. வயலின்ல ஒரு முன்னிசை, அப்புறம் ஒரு பொண்ணு குரல், வார்த்தை ஒண்ணுகூட ஞாபகம் இல்ல, பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துப் பாப்பேன், ஆனா எதை வச்சு தேடறது? மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டுனு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பாட்டோட சத்தத்தை வச்சே பேர் கண்டுபிடிக்கப் பாக்கும், எல்லாத்துக்கும் கிடைக்காது, ஆனா நிறைய கிடைக்கும். அதை ஓட்டிட்டு அப்புறம் டெலிட் பண்ணுங்க, நான் தலைகீழா பண்ணேன்.

அந்த 212 பாட்டையும் தூக்கிட்டேன். இப்போ அகர வரிசைல அடுத்தது முதல்ல நிக்குது, அதுக்கு 31 ஆயிடுச்சு.