டிரெயில்ஹெட்: பேட்ஜ் கணக்கை விடுங்கள், பிளேகிரவுண்டைப் பிடியுங்கள்

சேல்ஸ், பிசினஸ் கன்சல்டிங் பக்கம் வேலை தேடுகிறவர்கள், பணம் கட்டி கோச்சிங் சேரும் முன், விற்பனையையும் வாடிக்கையாளர் விவரங்களையும் நிர்வகிக்கும் மென்பொருளைத் தரும் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் டிரெயில்ஹெட் என்ற பயிற்சித் தளத்தைப் பார்த்துவிடுங்கள். 2014-இல் தொடங்கியது. பாடங்கள் எல்லாம் இலவசம், மின்னஞ்சல் இருந்தால் போதும். கல்லூரி அல்லது அலுவலக மின்னஞ்சலில் கணக்குத் தொடங்காதீர்கள். அங்கிருந்து வெளியேறிய பிறகு கணக்கை மீட்பது பெரும்பாடு.

பாடத்தின் முடிவில் வரும் சோதனை இரண்டு வகை. ஒன்று, சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. முதல் முயற்சியில் சரியென்றால் 100 புள்ளி, இரண்டாவதில் 50, அதற்குப் பிறகு 25. இன்னொன்று, 'பிளேகிரவுண்ட்' என்ற பயிற்சிக் கணக்கில் நாமே செய்து காட்டுவது. அதற்கு 500 புள்ளி. நேரத்தை இதில்தான் போட வேண்டும். பாடம் முடித்தால் கிடைக்கும் பேட்ஜ் 100-உம் 50,000 புள்ளியும் சேர்ந்தால் 'ரேஞ்சர்' பட்டம் கிடைக்கும் என்பதால் சுலபமான பாடங்களாகப் பொறுக்கி முடிக்கிறவர்கள் உண்டு. நேர்காணலில் "லீடை கன்வெர்ட் பண்ணினா என்ன ஆகும்?" என்று கேட்டால் அந்தப் பட்டம் கைகொடுக்காது.

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். லீட் என்பது வாங்கக்கூடும் என்று குறித்து வைத்த ஆளின் பதிவு. கன்வெர்ட் செய்ததும் லீடில் இருந்த நிறுவனம் அக்கவுன்ட் ஆகும், ஆள் கான்டாக்ட் ஆவார், வேண்டுமானால் ஆப்பர்சூனிட்டியும், அதாவது நடக்கக்கூடிய டீலின் பதிவும், உருவாகும். ஆனால் 'பட்ஜெட்' என்று நாமாகச் சேர்த்த ஃபீல்டு (விவரம் நிரப்பும் கட்டம்) தானாகக் கூடவே போகாது. ஆப்பர்சூனிட்டியிலும் அதே வகையில் ஒரு ஃபீல்டு உருவாக்கி, அமைப்புகளை மாற்றும் இடமான ஆப்ஜெக்ட் மேனேஜரில் லீடைத் திறந்து, 'மேப் லீட் ஃபீல்ட்ஸ்' வழியாக இரண்டையும் இணைக்க வேண்டும். விட்டுவிட்டால், சேல்ஸ் ஆள் நாலு முறை ஃபோன் போட்டு வாங்கிய பட்ஜெட் விவரம் ஆப்பர்சூனிட்டியில் இருக்காது. பிளேகிரவுண்டில் ஒரு முறை இணைக்காமலும் ஒரு முறை இணைத்தும் கன்வெர்ட் செய்து பாருங்கள். இந்த வசதிக்காகவே தளத்தைப் பாராட்டலாம்.

வேலையைச் சரியாகச் செய்திருந்தும் சோதனை 'தோல்வி' என்று காட்டினால் முதலில் பெயரைப் பாருங்கள். ஃபீல்டின் ஏபிஐ பெயர் (மென்பொருள் உள்ளே பயன்படுத்தும் பெயர்) கேட்டபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அது சரி என்றால், வேலை செய்தது ஒரு பிளேகிரவுண்டு, சரிபார்க்கத் தேர்ந்தெடுத்தது வேறொன்று என்று இருக்கலாம். கற்றதை எல்லாம் சேர்த்துச் சோதிக்கும் பெரிய செய்முறைப் பயிற்சியான சூப்பர்பேட்ஜ் தொடங்கும்போது புதிய பிளேகிரவுண்டையே எடுங்கள். பழையதில் மிச்சம் கிடக்கும் ஃபீல்டுகளும் விதிகளும் குறுக்கே வரும்.

குறை என்றால், கருவியை அமைக்கச் சொல்லித்தரும் அளவுக்கு வாடிக்கையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில் பாடங்கள் ஆழமாகப் போவதில்லை. ஆப்பர்சூனிட்டியின் ஒவ்வொரு கட்டத்துக்கும், டீல் முடிய எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு சதவீதம் முன்கூட்டியே இருக்கும். தேவையை ஆராயும் 'நீட்ஸ் அனாலிசிஸ்' 20, பேரம் பேசும் 'நெகோஷியேஷன்' 90. 10 லட்ச ரூபாய் டீல் நெகோஷியேஷனுக்கு வந்தால் எதிர்பார்க்கும் வருமானம் 9 லட்சம் என்று திரை காட்டும். அந்தக் கட்டம் வரை வந்த டீல்களில் பாதிதான் முடிகிற கம்பெனியில் இந்த எண்ணை நம்பி ஆள் எடுத்தால் முதலாளிக்கு நஷ்டம். பழைய டீல்களை எண்ணிப் பார்த்து, சதவீதத்தை மாற்றச் சொல்கிறவர்தான் கன்சல்டன்ட். அந்தப் பழக்கத்தை வேறு இடத்தில்தான் கற்க வேண்டும். தமிழில் பாடம் இல்லாததும் குறையே.

சேல்ஸ்ஃபோர்ஸை அமைத்து நிர்வகிப்பவருக்கான அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ் தேர்வு மட்டும் இலவசமல்ல: 200 டாலர், வரி தனி. 60 கேள்விகள், 105 நிமிடம், தேர்ச்சிக்கு 65 சதவீதம். அதில் தேறிய பிறகும் ஆண்டுதோறும் டிரெயில்ஹெட்டிலேயே ஒரு பராமரிப்புப் பாடம் முடிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் கெடு தேதி தாண்டினால் சான்றிதழ் காலாவதி.