கில்பெக் தேவாலயம்: உள்ளே போக அவசரப்படாதீர்கள்

இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்டுஷயரில் இருக்கிறது கில்பெக் கிராமம். அங்குள்ள புனித மரியா, புனித டேவிட் ஆலயத்துக்கு அத்தையோடு போய் வந்தேன். கட்டணம் கிடையாது, காணிக்கைப் பெட்டி மட்டும்தான். போனதும் நேராக உள்ளே நுழைந்தது என் தப்பு. சின்னக் கட்டடம், பத்தே நிமிடத்தில் பார்த்தாகிவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வெளியே வந்தேன்.

அப்போது அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "நீ எதையுமே பார்க்கலையே" என்றார்.

உண்மைதான். விஷயம் முழுக்க வெளிச்சுவரில் இருக்கிறது. தெற்கு வாசலின் இடப்பக்கத் தூணில் கொடிகளுக்கு நடுவே இரண்டு ஒல்லி வீரர்கள், ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர். கால்சட்டையின் மடிப்புக் கோடுகள்கூடத் தெரிகின்றன. வலப்பக்கத் தூணின் உச்சியில் ஒரு முகம், அதன் வாயிலிருந்து கொடி புறப்படுகிறது. கதவுக்கு மேலே அரைவட்டக் கல்லில் குலை குலையாகத் திராட்சை. செதுக்கியது 1140 வாக்கில் என்றால் நம்பவே முடியவில்லை, விளிம்புகள் அவ்வளவு கூர்மை.

கல் உள்ளூர்ச் செம்மணற்கல். கல் மட்டும் காரணமில்லை, இருந்த இடத்திலேயே இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதே சிற்பிகள் மரபில் உருவான ஷாப்டன் தேவாலயத்தை 1750களில் இடித்து, அதன் வளைவுகளை ஒரு மேட்டில் அழகுக்காக நிறுத்திவிட்டார்கள். மழையிலும் பனியிலும் அந்த உருவங்கள் கரைந்துபோயின. கில்பெக்கை 1848இல் பழுதுபார்த்த காட்டிங்ஹாம் என்ற கட்டடக் கலைஞர் நல்லவேளையாகப் பழையதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார்.

அப்புறம் கூரை விளிம்பு. அதன் அடியில் சுற்றிலும் தாங்குகற்கள், 91 இருந்ததில் 85 மிச்சம். ஒவ்வொன்றிலும் ஒரு தலையோ உருவமோ. நாயும் முயலும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் கல்லைப் பார்த்தால் சிறுவர் இதழ்ப் படம் போலிருக்கும். இன்னொன்றில் ஒரு பெண் இரண்டு கைகளாலும் தன் பெண்குறியை விரித்துக் காட்டுகிறாள். இந்த வகை உருவத்துக்கு ஷீலா-ந-கிக் என்று பெயர். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்பார்கள் சிலர், தீயதை விரட்ட என்பார்கள் சிலர். "திருஷ்டிக்குத்தான்" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

உள்ளே மக்கள் கூடம், அடுத்து குருமார் பகுதி, கடைசியில் பீடம் உள்ள அரைவட்டப் பகுதி, அவ்வளவுதான். நடு வளைவின் இரு பக்கமும் மும்மூன்றாக அடுக்கி நிற்கும் புனிதர்களைப் பாருங்கள். சாவியோடு இருப்பவர் பேதுரு. நாங்கள் போன நேரம் உள்ளே இருட்டு, அதற்காக அரைப் புள்ளி குறைத்து ஐந்துக்கு நாலரை.

பக்கத்திலேயே பழைய கோட்டையின் மண்மேடு. தேவாலயம் எழும்பிய காலத்து ஊர்ப் பிரபு ஹியூ அங்கேதான் இருந்தார். ஏறினால் இடிந்த சுவர்த் துண்டுகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நிற்கலாம்.

சொந்த வண்டியில் போங்கள். திரும்ப அழைத்துப்போக வருவதாகச் சொன்ன டாக்சி ஒரு மணி நேரம் தாமதம், கைபேசியிலும் சிக்னல் இல்லை. சரி, இன்னொரு சுற்று வருவோம் என்று நடந்தோம். முதல் சுற்றில் தவறவிட்ட, தாங்குகல் ஒன்றில் செதுக்கிய பிடில்காரர் அப்போதுதான் கண்ணில் பட்டார். பைனாகுலர் இருந்தால் அவர் விரல்களையும் பார்த்திருக்கலாம்.