சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம்: பணம் கட்டும் முன் அலைடு (துணைப்) பாடம் எது என்று கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தனியார் கல்லூரிகளிலிருந்து வரிசையாக போன் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளை பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்க நினைத்தால், சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தப் பட்டத்தை நான் 2024-ல் ஒரு தனியார் கல்லூரியில் முடித்தேன். முதல் வகுப்பு. ஆனால் எந்த மேற்படிப்புக்காக அதில் சேர்ந்தேனோ அதற்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டேன். கல்லூரி சேர்க்கும்போது சொன்னது ஒன்று, சேர்த்தபின் நடத்தியது வேறு.

2021-ல் அட்மிஷன் பார்த்தவர் அப்பாவிடம் பேசியது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "பொல்யூஷன் போர்டுல சயின்டிஸ்ட் ஆகலாம்ண்ணே. திருப்பூர் சாயப்பட்டறை, ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரி எல்லாத்துக்கும் இந்தப் புள்ளைங்கதான் வேணும்." இதில் பாதி உண்மை. 2011 ஜனவரியில், கழிவுநீரால் வந்த மாசுக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் ஆய்வகங்களிலும் தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்தவர்களுக்கு நிஜமாகவே வேலை உண்டு. அவர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். உதவிப் பொறியாளர் பதவி பொறியியல் படித்தவர்களுக்கு. வெறும் பி.எஸ்சி.யோடு இரண்டுமே கிடையாது.

எம்.டெக். சேர்க்கைக்கான 'கேட்' தேர்வு பற்றியும் இதே கதைதான். 2021 முதல் அதில் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கென்று தனித்தாள் இருக்கிறது, மூன்றாம் வருடம் படிப்பவரே எழுதலாம் என்றார். எழுதலாம், சரி. ஆனால் எம்.டெக். இடம் கொடுக்கும் நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது பி.இ. அல்லது எம்.எஸ்சி. தேர்வு எழுதும் தகுதியும் இடம் வாங்கும் தகுதியும் ஒன்று என்பதுபோல் பேசினார்.

ஆக, எம்.எஸ்சி. இல்லாமல் இந்தத் துறையில் மேலே போவது கஷ்டம். அந்த எம்.எஸ்சி.க்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத் தகுதி வைத்திருக்கிறது. சில இடங்களில் எந்த அறிவியல் பட்டமும் போதும். சில இடங்களில் வேதியியலை முதன்மைப் பாடமாகவோ அலைடு பாடமாகவோ படித்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டப்படிப்பில் பகுதி மூன்றில் முதன்மைப் பாடத்தோடு துணையாக வரும் இந்த அலைடு தாள்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுற்றுச்சூழல் அறிவியலில் அதுதான் உயிர்நாடி. தண்ணீர், காற்று, மண், எதை எடுத்தாலும் சோதனை என்று வந்துவிட்டால் அது வேதியியல்.

கல்லூரியின் வண்ணக் கையேட்டில் முதல் வருட அலைடு தாவரவியல், இரண்டாம் வருட அலைடு வேதியியல் என்று அச்சடித்திருந்தார்கள். நான் சேர்ந்ததே அதை நம்பித்தான். மூன்றாம் செமஸ்டர் டைம்டேபிள் ஒட்டிய அன்று பார்த்தால், வேதியியல் இருக்க வேண்டிய இடத்தில் கணினிப் பயன்பாடு. துறைத் தலைவரிடம் போய், "சார், அலைடு கெமிஸ்ட்ரி என்ன ஆச்சு சார்?" என்றேன். "ஸ்டாஃப் இல்லம்மா. யுனிவர்சிட்டி ரெண்டுல எதை வேணாலும் நடத்தலாம்னு சொல்லியிருக்கு. இதுவும் நல்ல பேப்பர்தான்." பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'வேதியியல் அல்லது கணினிப் பயன்பாடு' என்றே இருந்தது. அந்த 'அல்லது' கையேட்டில் இல்லை.

வேறு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலில் முதல் வருடத்திலிருந்தே படிக்கிறேன் என்று முடிவெடுத்தேன். அங்கே சேர்க்கை இன்னும் முடிந்திருக்கவில்லை. அப்பா போய் டி.சி.யும் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ்களும் கேட்டார். மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இது அப்பட்டமான விதிமீறல். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், சிறு பிடித்தம் போக. தேதி தாண்டி 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் பாதி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இதெல்லாம் அதே அறிவிப்பில் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. கட்டிட வேலைக்குப் போகிற மனிதரிடம் யார் விதியைச் சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம்தான். அங்கேயே தொடர வேண்டியதாயிற்று.

ஆய்வகம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பி.ஓ.டி., அதாவது நீரில் உள்ள கழிவை நுண்ணுயிரிகள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு, கழிவுநீர்ச் சோதனையின் அரிச்சுவடி. 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் ஒரு காற்றுக்குமிழ்கூட நிற்காமல் மாதிரி நீரை நிரப்பி மூடி, 27 டிகிரியில் மூன்று நாள் இன்குபேட்டரில் வைக்க வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும். மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும் பழுப்பாகப் படியும், அமிலம் விட்டால் கரையும், ஸ்டார்ச் விட்டால் நீலமாகும், அந்த நீலம் மறையும் வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதை நான் கற்றது இப்போது வேலை பார்க்கும் ஆய்வகத்தில். கல்லூரியில் இன்குபேட்டர் ஒன்று மூலையில் நின்றது, வயரில் பிளக்கே இல்லை. அளவுகளைப் போர்டில் எழுதிப் போட்டார்கள். வகுப்பே அதைப் பார்த்து ரெக்கார்டில் எழுதியது. எல்லோருக்கும் ஒரே விடை, எல்லோருக்கும் கையெழுத்து. பிற்காலத்தில் ஓர் ஊர் குடிக்கிற தண்ணீருக்கு அறிக்கை எழுதப்போகிற பிள்ளைகளுக்கு, செய்யாத சோதனைக்கு விடை எழுதப் பழக்கியதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு மாதப் பயிற்சி என்று தனியாகப் பணம் வசூலித்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் கழிவுநீர்ப் பண்ணையைச் சுற்றிக் காட்டினார்கள். அப்புறம் ஒரு மாதம் என்று அச்சடித்த சான்றிதழ் வந்தது.

எம்.எஸ்சி. சேர்க்கைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில்தான் எல்லாம் வந்து இடித்தது. அங்கிருந்த மேடம் என் மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, மூன்றாம் செமஸ்டரில் விரலை வைத்து, "அலைடு கெமிஸ்ட்ரி எங்கம்மா?" என்றார். பகுதி நான்கில் 'சுற்றுச்சூழல் கல்வி' இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த பையன் சொல்லிப் பார்த்தான். அது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக வைத்த தாள், பி.காம். பிள்ளைகளும் எழுதுவது. எந்தத் தகுதிக்கும் கணக்கில் வராது. என்னையும் அவனையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள்.

அதனால் சேரும் முன் கல்லூரிக் கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலிருந்து அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். 'அல்லது' என்று இருந்தால், இந்த வருடம் எதை நடத்துவீர்கள், யார் நடத்துவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிள்ளை எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் தகுதிப் பக்கத்தை இப்போதே எடுத்து அந்தப் பாடத்திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். பட்டத்தின் பெயரில் 'மேலாண்மை', 'தொழில்நுட்பம்' என்று வால் ஒட்டியிருந்தால் இன்னும் கவனம். டி.என்.பி.எஸ்.சி. கேட்கும் பட்டத்துக்கு அது இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பது முக்கியம். படிப்புக்கு இணைப்பு அனுமதி உண்டா என்று சந்தேகம் வந்தால், பத்து ரூபாய் கட்டணத்தில் பல்கலைக்கழகத்துக்கே தகவல் உரிமை மனு போடலாம். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள், கருவியை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாணவர் குறைதீர்ப்புக்கென்று மானியக் குழு 2023-ல் கொண்டுவந்த விதிகளில், கையேட்டில் பொய்த் தகவல் கொடுப்பதும் ஆவணங்களைத் திருப்பித் தர மறுப்பதும் புகாருக்கு உரியவை. முதலில் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவில் கொடுக்க வேண்டும், 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. படிக்கும்போதே கொடுத்துவிடுங்கள். கையேடு, ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

நான் கடைசி செமஸ்டரில் கொடுத்தேன். பயிற்சிக்கென்று வாங்கிய பணம் திரும்ப வந்தது. அலைடு விஷயத்தில், முடிந்துபோன தாளை மாற்ற முடியாது என்றார்கள். அடுத்த வருடக் கையேட்டில் 'வேதியியல் அல்லது கணினிப் பயன்பாடு' என்று சரியாக அச்சாகியிருந்தது. ஆனால் என் சித்தி மகளுக்கு அங்கிருந்து போன் செய்தவர், கெமிஸ்ட்ரி கண்டிப்பா உண்டும்மா என்றுதான் சொல்லியிருக்கிறார்.