முகத்தைப் பார்த்து வரைந்ததும் புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததும்

கடந்த தை மாதம் என் தந்தையாரின் சதாபிஷேகத்தைப் பெங்களூரில், அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள ஒரு மண்டபத்தில் நடத்தினோம். அந்த விழாவுக்காகத் தனியாகத் தொழில் செய்யும் ஒரு கேலிச்சித்திரக்காரரை அமர்த்தி அவரிடம் மூன்று வேலைகளை ஒப்படைத்தோம். அழைப்பிதழின் உட்பக்கங்களுக்கு நான்கு நகைச்சுவைப் படங்கள், அப்பாவுக்குப் பரிசளிக்க ஏ3 அளவில் ஒரு வண்ணச் சித்திரம், விழா நாளன்று விருந்தினர்களை எதிரில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் வரைந்து கொடுப்பது ஆகியவையே அவை. படங்களுக்கு ஆறாயிரம், சித்திரத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, விழா நாளுக்குப் பதினான்காயிரம் என மொத்தம் 27,500 ரூபாய் ஆயிற்று. முதல் வேலை நன்றாகவே வந்தது, இரண்டாவது சுமார்தான், மூன்றாவது நாங்கள் கொடுத்த பணத்துக்கு மேலானது என்பேன்.

நிறையோடு குறையையும் சேர்த்து எழுதுவதால், தனியாளாகப் பிழைப்பு நடத்தும் ஒருவரின் பெயரை இங்கே இடுவது முறையாகாது என்று விட்டுவிட்டேன். இந்த ஊரில் இதே தொழிலைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். யாரை அமர்த்தினாலும் கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

அவரை நான் முதலில் சந்தித்தது மகாத்மா காந்தி சாலையை ஒட்டி மிட்ஃபோர்ட் ஹவுஸில் இயங்கும் இந்திய கார்ட்டூன் கேலரியில். 2007இல் தொடங்கப்பட்ட அந்தக் காட்சிக்கூடத்தில் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் படங்களை விட்டுவிட்டு, படங்களைப் பார்க்க வந்தவர்களைச் சிறு நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். என்னையும் வரைந்திருந்தார். என் மூக்குக்கண்ணாடி எப்போதும் சற்றுச் சரிந்தே இருக்கும் என்பதை நான் அறிந்துகொண்டது அந்த நோட்டிலிருந்துதான்.

அழைப்பிதழ்ப் படங்களுக்காக அவர் என்னுடன் தொலைபேசியில் ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் பேசினார். அப்பாவின் பழக்கங்களைக் கேட்டாரே தவிர, பெருமைகளைக் கேட்கவில்லை. வீட்டில் உள்ள கடிகாரங்களை எல்லாம் பத்து நிமிடம் முன்னதாக ஓடும்படி வைத்துவிட்டு, பிறகு அந்தப் பத்து நிமிடத்தை மனத்தில் கழித்துப் பார்த்தே கிளம்புவது. கார்த்திகை பிறந்ததும் குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு பங்குனி வரை கழற்றாமல் இருப்பது. பரிசுப் பொருள் சுற்றிவரும் தாளைக் கிழிக்காமல் பிரித்து, மடித்து, மெத்தைக்கு அடியில் சேர்த்து வைப்பது. ஆட்டோவில் ஏறும் முன்பு மீட்டரைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்துவது. இவை நான்கும் படங்களாயின. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் எழுதி அனுப்பியிருந்தேன். அவற்றில் இரண்டை அவர் ஏற்றுக்கொண்டார். மற்ற இரண்டையும் அடித்துவிட்டு, “சார், படத்துல இருக்கறதையே வசனமும் சொன்னா, ரெண்டுல ஒண்ணு வீண்” என்று பதில் அனுப்பினார். முதலில் எனக்குச் சிறிது வருத்தமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. மெத்தை ஒரு முழ உயரத்துக்கு எழும்பி நிற்க, அதன் மேல் அப்பா ஏணி வைத்து ஏறிப் படுக்கப்போகும் அந்தப் படத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதைப் பார்த்ததும் அப்பாவின் நண்பர் ஒருவர், தீபாவளி மலர்களில் கோபுலு வரைந்த வசனமில்லாத நகைச்சுவைகளை நினைவுகூர்ந்தார். அந்த ஒப்பீடு மிகை என்றாலும், எந்த வழியில் வந்த வேலை என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

இனி அந்த ஏ3 சித்திரம். பாதிப் பணம் முன்பணம். ஏழு நாளில் பென்சில் கோட்டு வடிவம். இரண்டு திருத்தங்கள் இலவசம், மூன்றாவதுக்கு ஐந்நூறு ரூபாய் என்பது ஏற்பாடு. கோட்டு வடிவம் ஒன்பதாம் நாள்தான் வந்தது; நினைவூட்டியும் அந்த இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. அதைவிடப் பெரிய குறை, படத்தில் இருந்தவர் எங்கள் அப்பாவாக இல்லை என்பதே. அருமையான வேட்டி மடிப்பு, அழகான விபூதிப் பட்டை, பின்னால் அவர் முப்பது ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்த தொழிற்சாலைப் பேருந்து என எல்லாமே இருந்தன. நடுவில் கத்திரிக்காய் போன்ற மூக்குடன் யாரோ ஒரு பெரியவர் நின்றார். அப்பாவின் மூக்கு மிகச் சாதாரணமானது. அவரை அடையாளம் காட்டுவன காதுகள்தாம். நீண்டு, சற்று முன்பக்கம் மடிந்து, ஓரத்தில் வெள்ளை மயிர் எட்டிப் பார்க்கும் அந்தக் காதுகளை ஓவியர் கண்டுகொள்ளவே இல்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு என்பது பிறகுதான் விளங்கியது. நாங்கள் அனுப்பிய ஆறு புகைப்படங்களில் ஐந்து, பேரப்பிள்ளைகள் கைபேசியைக் கைநீளத்தில் பிடித்து எடுத்த செல்ஃபிகள். அவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது முகத்தின் மற்றப் பகுதிகளைவிட லென்ஸுக்கு மூக்கு நெருங்கியிருப்பதால் அது பருத்துத் தெரியும். பின்தங்கியிருக்கும் காதுகள் சிறுத்துப்போகும், பாதி மறைந்தும் போகும். கேலிச்சித்திரம் என்பதோ, ஒரு முகம் பொதுவான முகங்களிலிருந்து எந்த இடத்தில் விலகுகிறது என்று கண்டுபிடித்து, அந்த விலகலை இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டும் கலை. லென்ஸ் ஏற்கெனவே இழுத்துவைத்ததை இவரும் சேர்த்து இழுத்துவிட்டார். ஐந்தாறு அடி தள்ளி நின்று, தேவையானால் ஜூம் செய்து, நேராகவும் பக்கவாட்டிலுமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது. ஆனால், அப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவரே. அவருடைய கேள்வித்தாளில் வண்ணம், உடை, பின்னணி எல்லாம் இருந்தன. புகைப்படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. இரண்டு திருத்தங்களுக்குப் பிறகு மூக்கு அடங்கியது, காதுகள் வளர்ந்தன, ஆள் ஓரளவு அப்பாவாகவும் ஆனார். அப்போதும் அது திருத்தப்பட்ட படம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

பதாகை விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏ3 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 3508க்கு 4961 படப்புள்ளிகள் கொண்ட கோப்பை அவர் ஒழுங்காகவே கொடுத்தார். நாங்கள் அதைக் கேட்காமல் கொள்ளாமல் ஆறடி உயர ஃபிளெக்ஸாக அச்சடிக்கக் கொடுத்தோம். அங்குலத்துக்கு 70 புள்ளிகள்கூட வராமல், பக்கத்தில் நின்று பார்த்தால் கோடுகள் எல்லாம் பஞ்சு பஞ்சாகத் தெரிந்தன. போதாததற்கு, சட்டத்தில் அடங்கவில்லை என்று அச்சகத்தார் கீழ்ப்பகுதியை வெட்ட, ஓவியரின் கையெழுத்தும் அதோடு போயிற்று. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் பார்த்தது அதைத்தான். “கையெழுத்து மட்டும் இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, வேறு ஒன்றும் பேசாமல் போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

உரிமை பற்றி ஒரு சொல். பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவோ, உரிமை கைமாறிய பின்பும், படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில், அந்தப் படத்தைத் தன் மாதிரிப் படங்களில் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. தந்தையாரைக் கேட்டுவிட்டுச் சம்மதித்தோம். ரசீது கொடுத்தார், ஜிஎஸ்டி இல்லை. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் அதில் தவறேதும் இல்லை.

விழா நாளன்று மண்டபத்தின் வாசற்பக்கம், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி இடம் கேட்டு வாங்கி அமர்ந்தார். ஐபேடோ அச்சு இயந்திரமோ கொண்டுவரவில்லை. தடித்த ஏ4 தாள்களும் இரண்டு பிரஷ் பேனாக்களும் மட்டுமே. மூன்று மணி நேரத்தில், காபிக்கு எடுத்துக்கொண்ட பத்து நிமிடம் போக, 31 பேரை வரைந்தார்; ஒருவருக்குச் சராசரியாக ஐந்தரை நிமிடம். எதிரில் வந்து உட்காரும் எவரும் முதலில் புகைப்படத்துக்கு நிற்பதைப் போல் விறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு கலையும் வரை அவர் தாளைத் தொடுவதில்லை, பேச்சுக் கொடுக்கிறார். எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவரிடம், 1942இல் தொடங்கிய கொரவஞ்சி என்ற கன்னட நகைச்சுவை இதழையும் அதில் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்ததையும் எடுத்தார். பெரியவர் சிறு வயதில் அதைத் திருட்டுத்தனமாகப் படித்த கதையைச் சொல்லத் தொடங்கினார். புருவம் ஒன்று மேலே ஏறியது, கீழுதடு பிதுங்கியது, பேனா ஓடியது. ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களின் படங்களை அப்பா பழைய தொகுப்புகளில் பார்த்துவிட்டு அடிக்கடி சிலாகிப்பார். அவர்கள் தாளில் பாடிக்கொண்டிருப்பார்கள், அதனால் ஆள் தெரியும் என்பார். அன்று எனக்கு அது புரிந்தது.

குழந்தைகளை அவர் அதிகம் மிகைப்படுத்துவதில்லை. கண்ணைச் சற்றுப் பெரிதாக்குவதோடு சரி. என் அத்தைக்கு முகவாதம் வந்து போனதில் வாய் ஒரு பக்கம் இலேசாகக் கோணியிருக்கும். எதைத் தொடக் கூடாது என்று அவருடைய கேள்வித்தாளில் ஒரு கேள்வி இருந்தும், அத்தையைப் பற்றி எழுத நாங்கள் மறந்திருந்தோம். அத்தை வந்து அமர்ந்ததும், வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலிருந்து பக்கவாட்டு முகமாக வரைந்து கொடுத்தார். பெரிய மூக்குத்தியும் அதைவிடப் பெரிய அதட்டலுமாக இருந்த அந்தப் படத்தைப் பார்த்து, “ஏன்டாப்பா, நான் இவ்வளவு மிரட்டவா செய்றேன்?” என்று அத்தை கேட்ட குரலே படத்துக்குச் சான்றாயிற்று. சம்பந்தி ஒருவருக்கு மட்டும் இரட்டை முகவாய் பிடிக்கவில்லை. வாதாடாமல் வேறு தாளில், கழுத்துவரை சால்வை போர்த்தி மறுபடி வரைந்தார். முதல் படமே மேல் என்பது என் கருத்து. சம்பந்தியிடம் அதைச் சொல்லவில்லை.

வரிசையை நிர்வகிக்க அவரிடம் எந்த ஏற்பாடும் இல்லை. 140 பேர் வந்திருந்த விழாவில் ஒருவர் மட்டும் வரைந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் வெறுங்கையோடு போக வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அவர் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆசீர்வாதம் முடிந்து முதல் பந்திக்கு இலை போட்ட நேரத்தில் கூட்டம் மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொள்ள, என் சித்தப்பா மகன் மீதமிருந்த அழைப்பிதழ்களைக் கிழித்து எண் எழுதி டோக்கன் கொடுத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. நேரம் முடிந்த பிறகும் வரிசையில் காத்திருந்த இரண்டு சிறுவர்களைப் பணம் கேட்காமல் வரைந்துவிட்டுத்தான் எழுந்தார். மேலே சொன்ன 31இல் அவர்கள் சேரவில்லை.

அந்த 31 பேரில் கடைசியாக அமர்ந்தவர் அப்பா. ஏ3 சித்திரத்தை முதலில் கெடுத்தவர் என்ற எண்ணத்தில், “காதைப் பாருங்கள்” என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். “நீ சும்மா இருடா, தம்பிக்குக் கண் இருக்கு” என்றார் அப்பா. அதைச் சொல்லத் தலையைத் திருப்பியபோது தெரிந்த அந்தக் காதும், பாதி மூடிய கண்ணும், மேலுதட்டு ஓரத்தில் வந்த எரிச்சலும் நான்கே நிமிடத்தில் தாளில் இறங்கிவிட்டன. சட்டம் போட்ட ஏ3 சித்திரம் இப்போது விருந்தினர் அறையில், பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஏ4 தாளை அப்பா தன் கட்டிலுக்கு எதிரே தானே செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு வரும் ஆவணியில் எழுபத்தைந்து நிறைகிறது. அதற்கு இந்த முறை புகைப்படம் எதுவும் அனுப்பப் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து, அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது பார்த்து வரைய வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வருகைக்கு 1,500 ரூபாய் கூடுதல் என்று சொல்லி ஒப்புக்கொண்டிருக்கிறார்.