வயர்லெஸ் வானிலை நிலையம்: வாங்குவதென்றால் மழைக்காக வாங்குங்கள்

வீட்டு மாடியில் வானிலை நிலையம் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது வெப்பநிலையைப் பற்றித்தான். எத்தனை டிகிரி வரைக்கும் சரியாகக் காட்டும், போனில் பார்க்க முடியுமா, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் மழைமானி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் பார்க்க வேண்டும். வெயில் பக்கத்து ஊருக்கும் நம் ஊருக்கும் பெரிதாக மாறாது, செய்தியில் சொல்வதை வைத்தே ஓட்டிவிடலாம். மழை அப்படியில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அன்றைக்குச் சென்னையில் அதில் பாதிகூட இல்லை. புயலை விடுங்கள், சாதாரண கோடை இடிமழையிலேயே சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு உழவு மழை பெய்யும், அந்தப் பக்கம் புழுதி அப்படியே கிடக்கும். அந்த வித்தியாசத்தை எந்த ஆப்பும் உங்களுக்குச் சொல்லாது.

எங்கள் வீடு திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் போகிற பக்கம். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் கொல்லை, அதில் மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும். வானிலை நிலையம் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது, பல மழைக்காலமும் கத்திரி வெயிலும் பார்த்துவிட்டது. அதனால் பெட்டியைப் பிரித்த முதல் வாரத்துப் பரவசம் எதுவும் இதில் இருக்காது.

முதலில் தேர்வு. கடையில் கிடைப்பவை மோட்டாமோட்டியாக மூன்று வகை. வெளியே ஒரு சின்ன சென்சார், உள்ளே ஒரு கடிகாரம் போன்ற திரை, இவ்வளவே உள்ளது முதல் வகை. இதில் வெப்பமும் ஈரப்பதமும் மட்டும் வரும், இதை வானிலை நிலையம் என்று சொல்லி விற்பதே தவறு என்பேன். இரண்டாவது, காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுக் கிண்ணம், காற்றின் திசைகாட்டி, மழைமானி, சூரிய ஒளி எல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்த வகை. ஈகோவிட் மாதிரியான கம்பெனிகள் விற்பதில் பெரும்பாலானவை இதுதான், என்னிடம் இருப்பதும் இந்த வகைதான். மூன்றாவது, டேவிஸ் வான்டேஜ் ப்ரோ 2 போன்ற பெரிய சாமான். விலை பல மடங்கு, ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக மாற்றலாம், வெப்பமானிக் கூண்டுக்குள் விசிறி வைத்த மாடலும் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அந்த விசிறி எவ்வளவு பெரிய விஷயம் என்பது மே மாதம் காற்று அசையாத மத்தியானத்தில்தான் தெரியும்.

வாங்கும்போது யாரும் சொல்லித் தராத ஒன்று, ரேடியோ அலைவரிசை. ஒரே மாடல் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு நாட்டுக்கு வெவ்வேறாக வரும். 915 அமெரிக்காவுக்கானது, நம் ஊரில் அது செல்போன் கம்பெனிகளின் அலைவரிசையோடு போய் உரசும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ளது 433ஐ ஒட்டிய சிறு பகுதியும் 865 முதல் 868 வரையும். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பச் சொல்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், வாங்கிய பிறகு மாற்றவே முடியாது. பிறகு வைஃபை. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். ரூட்டரில் இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்தால் முதல்முறை இணைக்கும்போது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், 2.4ஐ மட்டும் தனிப் பெயரில் பிரித்துவிடுங்கள். அட்டைப் பெட்டியில் 100 மீட்டர், 150 மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும் வந்துவிட்டால் அதில் கால்வாசிகூடத் தேறாது. சென்சாரின் சிக்னலை வாங்கி வைஃபைக்கு அனுப்பும், வீட்டுக்குள் வைக்கும் பெட்டியை மாடிப்படிக்கட்டுப் பக்கம் வைத்த பிறகுதான் எனக்கு விட்டுவிட்டு வந்த சிக்னல் நிலைத்தது.

எங்கே மாட்டுவது என்பதுதான் இந்த மொத்த விஷயத்தின் உயிர். காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும், வெப்பத்தை ஆள் உயரத்தில், நிழற்கூண்டுக்குள், மண் தரைக்கு மேல் அளக்க வேண்டும், மழையைத் தரையை ஒட்டி அளக்க வேண்டும். இந்திய வானிலைத் துறையின் மழைமானிக்கு வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். மூன்றையும் ஒரே கம்பத்தில் சேர்த்துக் கட்டிய கருவி எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்றில் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாடியில் வைத்தால் காற்று நன்றாக வரும், ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணி வரைக்கும் அனலைக் கக்கும், வெப்பநிலை கூடுதலாகவே காட்டும். காற்று வேகமாக அடிக்கும் உயரத்தில் மழைத்துளிகள் வாயில் விழாமல் தாண்டிப் போய்விடும் என்பதால் மழையும் குறையும்.

நான் செய்தது இது. எல்லாம் சேர்ந்த கருவி மாடியில், தண்ணீர் டேங்கையும் கைப்பிடிச் சுவரையும் விட்டுத் தள்ளி, ஒரு ஜிஐ பைப்பின் மேல், தளத்திலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே. தளத்தில் அந்தப் பகுதிக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கிறேன். மழைக்கென்று தனியாக ஒரு வயர்லெஸ் மழைமானி வாங்கிக் கொல்லையில் தாழ வைத்தேன், பக்கத்தில் இருக்கும் வேப்பமரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி. ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்காமல் மழைமானியைப் பொருத்தவே கூடாது. உள்ளே சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் குழிகள்தான் மாறி மாறிச் சாய்கின்றன, ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு சாய்வும் தப்பாகத்தான் விழும்.

அந்தக் குழிகள் சரியாகச் சாய்கின்றனவா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் செட், அதாவது குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப். புனல் வாயின் விட்டத்தை அளந்து பரப்பைக் கணக்குப் போடுங்கள். 11.3 செ.மீ. விட்டம் என்றால் கிட்டத்தட்ட 100 சதுர செ.மீ., அப்படியானால் 10 மி.லி. தண்ணீர் 1 மி.மீ. மழைக்குச் சமம். அரை லிட்டர் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ட்யூபில் இருக்கும் உருளையைத் திருகிச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரத்தில் இறங்கும்படி வைத்தால் போனில் 50 மி.மீ. காட்ட வேண்டும். 46 காட்டினால் ஆப்பில் மழைத் திருத்தம் என்ற இடத்தில் 50ஐ 46ஆல் வகுத்த எண்ணை, அதாவது சுமார் 1.09, போட வேண்டும். குவளையால் மொத்தமாக ஊற்றிச் சோதிப்பதில் பயனில்லை, குழி சாய்கிற அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராமலேயே போய்விடும். ஐப்பசி அடைமழையிலும் அதே கதைதான், மணிக்கு 100 மி.மீ. வேகத்துக்கு மேல் கொட்டும்போது இந்த வகை மானிகள் குறைத்துத்தான் காட்டும்.

அதனால்தான் கையால் அளக்கும் ஒரு பிளாஸ்டிக் மழைமானியையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பேட்டரி, ஆப் எதுவும் கிடையாது. உள்குழாயில் 25 மி.மீ. நிற்கும், நிரம்பினால் வெளிக்குழாயில் வழியும், இரண்டும் சேர்த்து சுமார் 280 மி.மீ. வரை கொள்ளும். ஃபெஞ்சல் ராத்திரியில் அதுவும் பத்தாது என்று தெரிந்துவிட்டது. குடை நிற்காத காற்றில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போய், குழாயைக் கழற்றி, சமையலறை விளக்கில் வைத்து அளவு பார்த்துப் பென்சிலால் எழுதிவிட்டு, திரும்பக் கொண்டுபோய்ச் செருகினேன். பேனா மை அந்த ஈரத்தில் நிற்காது. விடிந்து கூட்டிப் பார்த்தபோது வயர்லெஸ் மானி கை மானியைவிடப் பத்தில் ஒரு பங்கு போலக் குறைவாகக் காட்டியிருந்தது. இவ்வளவு பெரிய மழையில் அது எனக்கு ஏற்புடைய வித்தியாசம்தான், ஆனால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்திருப்பதற்கு அந்தப் பிளாஸ்டிக் குழாய்தான் ஆதாரம். தினமும் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் 24 மணி நேரக் கணக்கு அந்த நேரத்தில்தான் முடிகிறது, ஆப் நள்ளிரவில் பூஜ்யத்துக்குப் போய்விடும், இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது நகரும் பாகமே இல்லாத கருவிகள் வருகின்றன. மழைத்துளி மேல்மூடியில் மோதும் அதிர்வை வைத்து மழையையும், ஒலி அலையை வைத்துக் காற்றையும் கணக்கிடுகின்றன. காற்றுக்கு அது அருமை. தேய்வதற்கு பேரிங் கிடையாது, மெல்லிய காற்றைக்கூடப் பிடிக்கும். மழைக்கு நான் அதை நம்ப மாட்டேன். தூறலைக் கோட்டைவிடும், காகம் வந்து உட்கார்ந்தால் மழை என்று எண்ணும். மழையின் வேகத்துக்குத் தக்கபடி தனித்தனித் திருத்த எண் போட வசதி தருகிறார்கள், ஆனால் அந்த எண்களைக் கண்டுபிடிக்கவே உங்களுக்கு ஒரு கை மானியும் ஒரு முழு மழைக்காலமும் வேண்டும்.

பராமரிப்பு என்றால் முக்கால்வாசி பூச்சிகளோடு நடக்கும் போராட்டம். கோடை முழுக்க மழைமானி சும்மா கிடக்கிறதல்லவா, அந்த இடைவெளியில் எறும்பு குடியேறும், சிலந்தி குழியைச் சேர்த்து வலை கட்டும், குளவி புனலின் ஓட்டையிலேயே மண் கூடு கட்டிவிடும். வேப்பம்பூ உதிரும் காலத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அடைபட்ட மானியைக் கண்டுபிடிப்பது சுலபம், மழை நின்ற பிறகும் மணிக்கணக்கில் அரை அரை மி.மீ.யாகப் பெய்துகொண்டே இருப்பதாகக் காட்டும். காகத்துக்கு நாலைந்து கேபிள் டையை மேல்நோக்கி நிற்கும்படி விளிம்பில் கட்டினால் போதும். சாதாரண அல்கலைன் பேட்டரி நம் வெயிலில் கசிந்து முனையைப் பச்சையாக்கிவிடும். லித்தியம் பேட்டரி விலை கூடுதல்தான், ஆனால் அதைப் போட்ட பிறகு கசிவே இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாவதைத் தடுக்க முடியாது, ஈரப்பத சென்சாரும் வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் தடுமாறும். எனக்குக் காற்றுக் கிண்ணத்தின் பேரிங் ஒருமுறை போயிற்று. உதிரிப் பாகம் கேட்டு விற்றவரிடம் அலைந்து, கடைசியில் முழு சென்சாரையே வாங்கச் சொன்னார்கள். வாங்குவதற்கு முன்பே எந்தெந்தப் பாகம் தனியாகக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புயல் நேரத்தில் கரண்ட் போகும், இன்டர்நெட் போகும், அப்போதுதான் நமக்குத் தரவு வேண்டும். பெட்டி யூஎஸ்பியில் ஓடுவதாக இருந்தால் ஒரு பவர் பேங்கே ராத்திரி முழுக்கத் தாங்கும். நெட் இல்லாவிட்டாலும் சேமித்து வைக்க எஸ்டி கார்டு போடும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். கிளவுடை மட்டும் நம்பினால் இணைப்பு அறுந்த அந்த இரவுதான் வரைபடத்தில் வெற்றிடமாக நிற்கும்.

காற்றழுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. வாங்கும்போது நான் பொருட்படுத்தாத எண், இப்போது காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். நம் வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் உச்சம், விடிகாலை நான்கு, மாலை நான்கு மணிவாக்கில் பள்ளம். மேலுக்கும் கீழுக்கும் மூன்று நான்கு மில்லிபார் (காற்றழுத்த அலகு) வித்தியாசம். அமைதியான தை மாதத்தில் வரைபடம் அலை அலையாக அவ்வளவு ஒழுங்காக வரும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கும்போது அந்த அலை மெல்ல ஒரு சரிவில் இறங்கத் தொடங்கும், காலை பத்து மணிக்கு ஏற வேண்டியது ஏறாது. கடல் மட்டத்துக்குச் சரிசெய்ய மறக்காதீர்கள், எட்டு மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு மில்லிபார் கூட்ட வேண்டும். பக்கத்து விமான நிலையம் அறிவிக்கும் அழுத்தத்தோடு காற்றில்லாத நாளில் ஒப்பிட்டால் போதும்.

அப்புறம் கடற்காற்று. சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து அனல் வீசிக்கொண்டிருக்கும், மத்தியானத்துக்கு மேல் திடீரெனத் திசைகாட்டி தென்கிழக்குக்குத் திரும்பும், பத்து இருபது நிமிடத்தில் வெப்பம் மளமளவென இறங்கும், ஈரப்பதம் எகிறும். அது வராத நாளில் சாயங்காலம் எப்படிப் புழுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரையில் பார்த்த பிறகு கொல்லையில் மருந்தடிப்பதைக் காலையிலேயே முடித்துவிடுகிறோம், கடற்காற்று ஏறிவிட்டால் மருந்து பாதி பக்கத்துக் கொல்லைக்குத்தான் போகும்.

பக்கத்துக் கொல்லைக்காரர் மழை பெய்த மறுநாள் காலை போன் செய்வார். "தம்பி, எவ்ளோ பேஞ்சுது?" என்பார், "மாமா, 22 மி.மீ." என்பேன். மல்லாட்டை விதைக்கலாமா, இன்னொரு மழைக்குக் காத்திருக்கலாமா என்று அதை வைத்து அவர் முடிவு செய்கிறார். மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவரும் கேட்பார், அவருக்கு வேண்டியது நேர்மாறான செய்தி.

அபார்ட்மென்டில் இருந்துகொண்டு பால்கனிக் கம்பியில் கட்டுவதற்கு என்றால் இதற்குச் செலவு செய்யாதீர்கள், மழையும் காற்றும் இரண்டுமே தப்பாகத்தான் வரும், ஒரு நல்ல வெப்ப ஈரப்பத மானி போதும். திறந்த மாடியோ கொஞ்சம் நிலமோ இருந்தால் தாராளமாக வாங்கலாம். பட்ஜெட் இடித்தால் எல்லாம் சேர்ந்த பெரிய கருவியைத் தள்ளிப்போட்டுவிட்டு, தனி வயர்லெஸ் மழைமானி, அதன் பெட்டி, ஒரு கை மானி, இந்த மூன்றோடு தொடங்குங்கள். புரட்டாசி கடைசிக்குள் மாட்டி, சலைன் சோதனையை முடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழையின் முதல் மழையே கணக்கில் வந்துவிடும்.