கொருக்குப்பேட்டைல ஒரு பழைய டெஸ்க்டாப், கிம்ப்ஸ் கூட என் அனுபவம்

இது போனுக்கோ பிரியாணி கடைக்கோ போடுற ரிவ்யூ இல்ல மக்களே, வூட்ல சும்மா கெடக்குற கம்ப்யூட்டர ஓசில வேலைக்கு அனுப்புற ஒரு ப்ராஜெக்ட்டுக்கு. பேரு கிம்ப்ஸ், 1996ல ஜார்ஜ் வோல்ட்மன் ஆரம்பிச்சது. 2ஐ ஏதோ ஒரு பகா எண் தடவ அடுக்கடுக்கா பெருக்கி அதுல 1 கழிச்சா வர்ற நம்பரும் பகா எண்ணான்னு பாக்கணும், அப்டி இருந்தா அது மெர்சன் பிரைம், 2024 அக்டோபர்ல வந்ததையும் சேத்து 52 மாட்டிருக்கு. பிரைம்95னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர போட்டு வுட்டா பிரைம்நெட்ன்ற அவங்க சர்வர் ஒரு நம்பர் குடுக்கும், நம்ம மெஷின் முடிச்சு திருப்பி அனுப்பும். கணக்கு எனக்கு பாதிதான் புரியும், நான் எழுத வந்தது அந்த சர்வர் ஆளுங்கள மேய்க்கிற விதத்த பத்தி.

எங்க தெருவுல தண்ணி லாரி வர்ற அன்னிக்கு காலைல அஞ்சு மணிக்கே குடத்த வெச்சு எடம் புடிச்சுட்டு போயி படுத்துடுவாங்க. லாரி வந்துடும், குடம் இருக்கும், ஆள் இருக்காது, பின்னாடி இருக்கறவங்க கத்த ஆரம்பிப்பாங்க. இங்கயும் அதே கததான், ஆர்வத்துல சேந்து நம்பர வாங்கிட்டு ரெண்டாம் நாளே சாஃப்ட்வேர தூக்கிட்டு போற ஆளுங்க இருக்கத்தான் செய்வாங்க. அதனால வரிசைல முன்னாடி நிக்கிற சின்ன நம்பருங்கள, ஒழுங்கா சீக்கிரம் முடிச்சு தர்ற மெஷினுக்குதான் பிரைம்நெட் குடுக்குது. மெதுவா ஓடுறவனுக்கு தள்ளி இருக்கற பெரிய நம்பர், கெடுவும் தாராளம். நம்ம சாஃப்ட்வேர் தானா போயி இவ்ளோ முடிஞ்சுது, இன்ன தேதிக்கு முடியும்னு சர்வர்ட்ட சொல்லிட்டே இருக்கும். கெடு தாண்டியும் சத்தம் இல்லன்னா குடத்த நகத்திட்டு அடுத்த ஆளுக்கு குடுத்துடும், யாரும் யார்ட்டயும் கத்த வேணாம்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, நாலு நாள் கரண்ட் இல்ல, சிபியூவ தூக்கி பரண் மேல வெச்சேன். சரி, நம்ம நம்பர் போச்சுன்னு நெனச்சேன். கரண்ட் வந்து ஆன் பண்ணா விட்ட எடத்துலேந்து ஓடுது. அரை மணிக்கு ஒரு தடவ அதுவே சேவ் பண்ணிக்கும், அதனால போனது அதிகபட்சம் அரை மணி வேலை. நம்பரும் என் பேர்லயேதான் இருந்துச்சு.

அப்பால ஒரு நாள் ஸ்க்ரீன்ல எரர், செக்கிங் ஃபெயில், பின்னாடி போறேன்னு. கொஞ்சம் முன்ன போகும், திரும்ப பின்ன போகும், கொருக்குப்பேட்டை யார்டுல கூட்ஸ் வண்டி ஷன்டிங் அடிக்கிற மாரி. ராபர்ட் கெர்பிச் கண்டுபுடிச்ச ஒரு சோதனை இது, நடுவுல கணக்கு தப்புனா கண்டுபுடிச்சு, கடைசியா சரியா இருந்த எடத்துக்கு இழுத்துட்டு வந்துடும். தப்பு யார்துன்னு பாத்தா நான் செகண்ட் ஹேண்டுல வாங்குன ரேம். கழட்டி பள்ளிக்கூடத்து ரப்பர் வெச்சு அந்த தங்க கலர் பல்ல நல்லா தேய்ச்சு மாட்டுனேன், ரெண்டு நாள் சோக்கா ஓடுச்சு, மூணாம் நாள் மறுபடியும் ஷன்டிங். ஒரு ஸ்டிக்க கழட்டி வெச்சதுக்கப்றம் எரர் இல்ல, ஆனா வேகம் பாதியா போச்சு, ஏன்னா ரெண்டு ஸ்டிக் இருந்தா டேட்டா ரெண்டு வழில வரும், ஒண்ணுன்னா ஒரு வழிதான், இந்த வேலைக்கு ப்ராசஸர் அளவுக்கு ரேம் வேகமும் முக்கியம். இத எவனும் மொதல்லயே சொல்லமாட்டான், நான் சொல்றேன்.

எனக்கு ரொம்ப புடிச்சது, யாரையும் நம்பாம இருக்கறதுதான். முன்னல்லாம் ஒருத்தன் முடிச்ச நம்பர இன்னொருத்தன் மொத்தமா திரும்ப போட்டு ரெண்டு விடையும் ஒத்துப்போனாதான் கணக்குல சேக்குறது. அதாவது பாதி உழைப்பு செக்கிங்குக்கே போச்சு. 2020லேந்து ப்ரூஃப் ஃபைல்னு, கணக்கு ஒழுங்கா போட்டதுக்கு அத்தாட்சியா ஒண்ணு நம்ம மெஷினே செஞ்சு அனுப்புது, வேற யாரோ ஒருத்தர் மெஷின் அத கொஞ்ச நேரத்துல சரிபாத்துடும். ஆனா ஒம்போது இலக்க எக்ஸ்போனன்ட்டுக்கு (2ஐ எத்தன தடவ பெருக்குறோமோ அந்த எண்) ஓடி முடியற வரைக்கும் டிஸ்க்ல ஒரு நாலு ஜிபி புடிச்சு வெச்சுக்கும், அனுப்புற ஃபைலே நூறு எம்பிக்கு மேல, மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டறவங்க பாத்துக்கோங்க.

சர்வர் தப்பே பண்ணாதான்னா, பண்ணிருக்கு. 49வது மெர்சன் பிரைம், கர்ட்டிஸ் கூப்பர்ன்ற அமெரிக்க பேராசிரியரோட கம்ப்யூட்டர்லேந்து 2015 செப்டம்பர்லயே வந்து சேந்துடுச்சு, யாருக்கும் தகவல் போகல, 2016 ஜனவரில மெயின்டனன்ஸ் பாக்கும்போதுதான் கண்ணுல பட்டுது. நாலு மாசமா, அதுவரைக்கும் கண்டுபுடிச்சதுலயே பெரிய பகா எண் டேட்டாபேஸ்ல தூங்கிட்டு இருந்துருக்கு!

காசு ஆசைல வராதீங்க. கண்டுபுடிச்சா 3,000 டாலர்னு சொல்றாங்க, ஆனா 52வது கண்டுபுடிச்ச லூக் டியூரன்ட் 17 நாட்டுல க்ளவுட் ஜிபியூங்கள (நெட் வழியா எடுத்து ஓட்டுற பவரான கிராபிக்ஸ் சிப்புங்க) ஓடவிட்டுதான் புடிச்சாரு, 4,10,24,320 இலக்கம். நம்ம டப்பா எங்க, அது எங்க. அதோட என் மெஷின் 90 வாட் இழுக்குது, நாள் பூரா ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 130 யூனிட் ஏறும். ஈபி பில்ல பாத்துட்டு எங்கம்மா "யாருக்கோ நம்பர் தேட நம்ம வூட்ல இன்னாத்துக்குடா கரண்ட் எரியுது"ன்னு கேட்டாங்க, பதில் இல்ல. இப்ப நைட்ல மட்டும் ஓட்டுறேன், ஏப்ரல் மே சுத்தமா ஆஃப், அந்த ரூம்லதான் பாட்டி படுக்குது.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். கம்மியான ஒண்ணு கரண்ட் பில்லுக்கு. இப்ப ஓடுறது 61 பர்சென்ட்ல நிக்குது, முடிய இன்னும் ஒரு மாசம் ஆகும்னு சர்வர்ட்ட சொல்லி வெச்சுருக்கு.