சரளி வரிசை கொடுக்காத சங்கீத வகுப்பு

என் மகளைச் சேர்த்த முதல் ஏழு மாதங்களில் அவளது சங்கீதக் கொப்பியில் ஓர் எழுத்தேனும் ஏறவில்லை. தை மாதத்தில் உறை போட்டு, முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் இட்டு நான் கொடுத்தனுப்பிய கொப்பி, ஆடி மாதத்திலும் அந்தச் சுழியோடு மட்டுமே வீடு திரும்பிக்கொண்டிருந்தது. மாதம் 1,000 ரூபா கட்டுகிற பெற்றாருக்கு இது உறுத்தாமல் இராது, எனக்கும் உறுத்தியது. இப்போது ஒன்றரை வருடம் முடிந்திருக்கிறது. கிளிநொச்சிப் பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்குச் சங்கீத வகுப்புத் தேடுகிறவர்கள் என்னிடம் விசாரித்துக்கொண்டே இருப்பதால், நான் கண்டவற்றைக் குறைகளும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆசிரியை பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். கிழமை நாட்களில் ஆரம்பப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறார். சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் தன் வீட்டு முற்றத்துக் கொட்டிலில் இந்த வகுப்பை நடத்துகிறார். தன்னிடம் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளை இங்கே சேர்ப்பதில்லை என்பதில் அவர் இறுக்கமாக இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை விடுகிறேன்; இரணைமடுச் சந்திப் பக்கத்தில் பாட்டு ரீச்சர் வீடு எது என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கிடுகு வேய்ந்த கொட்டில், மெழுகிய தரை, நாலைந்து பாய்கள், பாடுவதற்கு ஆதாரமான சுரத்தை இடைவிடாமல் ஒலிக்கும் ஒரு மின்சுருதிப்பெட்டி, ஒரு பழைய ஆர்மோனியம், கூடை நிறையத் தேய்த்து மினுக்கிய சிரட்டைகள் ஆகியவையே அங்குள்ள மொத்தச் சாமான்களும். ஆர்மோனியத்தை அவர் திறந்து நான் கண்ட நாட்கள் குறைவு. "கட்டையை அமத்தினாச் சுரம் தானா வந்திடும் அக்கா. பிறகு பிள்ளை ஏன் அதைத் தேடப்போகுது?" என்று ஒருமுறை கேட்டார். அவருடைய கற்பித்தல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்று பின்னர்தான் விளங்கியது: பாட்டு வாய்க்கு வருமுன் காதுக்கு வர வேண்டும், காது தேடிக் கண்டெடுத்த சுரமே பிள்ளையிடம் தங்கும்.

மகள் அதற்கு முன்னர் வேறோர் இடத்தில் ஐந்து மாதம் படித்தாள். அங்கே சரளி வரிசைகளை, அதாவது கர்நாடக இசையில் முதலில் பழகும் சுரப் பயிற்சிகளை, மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) ஒப்புவிக்கப் பழகியிருந்தாள். வாய்ப்பாடு ஒப்புவிப்பது போலத் தடங்கலில்லாமல் வரும். ஆனால் வீட்டில் நான் சுருதியை அரைக் கட்டை (ஒரு சிறு படி) மாற்றி வைத்தால், அவள் பழைய ஸட்ஜத்திலேயே (ஸ என்ற அடிச் சுரத்திலேயே) தொடங்கி, பெட்டி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருப்பாள். அப்படிப் போவது அவளுக்குத் தெரியவும் தெரியாது. அந்த வகுப்பைக் குறை சொல்லி என்ன, நானும் அப்படித்தான் படித்தேன். என் தலைமுறையில் பலருக்குச் சங்கீதம் என்றால் பரீட்சைக்கு முந்திய இரவு மனனம் செய்த இராக இலட்சணம்தான்.

புதிய வகுப்பில் இரண்டாவது சனிக்கிழமை நான் கண்ட ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் பேச்சுக் குரலில், ஏற்ற இறக்கமின்றி, ஒரே இடத்தில் நின்று உரக்கச் சொன்னான். மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுருதியைக் கேட்டுப் பாடு என்று ஆசிரியை அவனிடம் சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. "வீட்டில மாடு நிக்குதோ ராசா? தூரத்தில மேயிற மாட்டை எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டார். அவன் கையை வாயருகே குவித்து, நீட்டி ஒரு கூப்பாடு போட்டான். கூப்பாட்டின் வால்பகுதி ஒரு சுரத்தில் நின்றது. ஆசிரியை அந்தச் சுரத்தைத் தன் குரலில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சுருதிப்பெட்டியின் குமிழைத் திருகித் திருகி, பெட்டியையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "இப்ப எல்லாரும் தம்பியின்ர சுருதியிலதான் பாடப்போறம்" என்றார். பதினைந்து பிள்ளைகளும் அவனது சுருதிக்கு இறங்கி வந்து பாடினார்கள். அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டு, பெட்டியையும் மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றாம் தடவை தானும் சேர்ந்தான். அந்த ஒரு சுரம் சரியாகவே நின்றது. அடுத்த கிழமைகளில் குமிழ் அரை அரைக் கட்டையாக மேலே ஏறியது. அவன் சில நாட்களில் இன்றைக்கும் நழுவுகிறான், ஆனால் சிரிக்கிறவர்கள் இல்லை.

குரல் இல்லாத பிள்ளை என்று நாம் ஒதுக்குகிறவர்களில் பலர் உண்மையில் பேச்சுக் குரலுக்கும் பாட்டுக் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை இன்னும் கண்டுகொள்ளாதவர்கள் என்பதே ஆசிரியையின் நிலைப்பாடு. பெரியவர்கள் தங்களுக்கு வசதியான சுருதியை வைத்துக்கொண்டு பிள்ளையை அங்கே ஏறச் சொல்வதே பாதி வில்லங்கம் என்கிறார். ஆறேழு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிரமமின்றி எட்டுவது ஐந்தாறு சுரங்கள்தான். சரளி வரிசையோ முதல் நாளிலேயே மேற்ஸ்தாயி ஸட்ஜம் (மேலே வரும் அடுத்த ஸ) வரை ஏறச் சொல்கிறது. அங்கே பிள்ளை கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறது, கத்துவதுதான் பாடுவது என்று பழகியும் விடுகிறது. இதைக் கேட்ட பிறகு பாடசாலை விழாக்களில் சின்னப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இராகத் தெரிவிலும் அவர் வழக்கமான பாதையை விட்டு விலகுகிறார். கர்நாடக இசையை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்கும் மரபு, கர்நாடக இசையின் பிதாமகர் எனப்படும் புரந்தரதாசரின் (1484–1564) பெயரால் வழங்குவது. அதற்கு வலுவான நியாயமும் உண்டு. ஸ ரி க ம என்ற கீழ்ப்பாதியில் சுரங்களுக்கு இடையே உள்ள தூரம் எப்படியோ, ப த நி ஸ என்ற மேற்பாதியிலும் அப்படியே இருப்பதால், ஒரு பாதி பிடிபட்டால் மறுபாதியும் பிடிபட்டுவிடும். ஆசிரியை இந்த நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்த அமைப்பு பத்து வயதுப் பிள்ளைக்குச் சரி, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஸவுக்கும் ரிக்கும் இடையிலுள்ள அந்த நெருக்கமான இடைவெளி காதில் நிற்காது என்கிறார். ஆகவே மோகன இராகத்தில் தொடங்குகிறார். ஸ ரி க ப த என்ற ஐந்து சுரங்களில் எந்த இரண்டும் அவ்வளவு நெருங்கி நிற்பதில்லை. பிள்ளை சற்றுத் தவறினாலும் அடுத்த சுரத்தின் மேல் விழுந்துவிடாது. ஹங்கேரி நாட்டின் இசையமைப்பாளரும் கல்வியாளருமான ஸோல்தான் கோடாய் (1882–1967) தம் நாட்டுப் பாடசாலைகளுக்கு ஐந்து சுரப் பாட்டுகளையே முதலில் பரிந்துரைத்ததும் இதே காரணத்தால்தான். வாத்தியத்துக்கு முன் குரல், குறியீட்டுக்கு முன் பாட்டு, பாட்டிலும் முதலில் தாய்மொழி நாட்டுப்பாட்டு என்பவை அவர் வற்புறுத்தியவை. ஆசிரியை அவரைப் படித்திருக்கிறார். ஆனால் வகுப்பில் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, கேட்டால்தான் சொல்வார்.

எட்டாம் மாதம் கொப்பியில் முதல் வரி விழுந்தது: க ப க ரி ஸ. அன்று மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, இது எங்கட கிளிப்பாட்டு!" என்றாள். ஏழு மாதமாகப் பாடிவந்த பாட்டின் முதலடி எழுத்தில் எப்படி இருக்கும் என்பதை அவள் கண்டது அப்போதுதான். சரளி வரிசைக்குப் போன மாதந்தான் வந்தார்கள். ஒரே பின்னேரத்தில் மூன்று வரிசை முடிந்தது. சுருதியை மாற்றி வைத்துப் பார்த்தேன், முதற் சுரத்திலேயே நின்று, பெட்டியைக் கேட்டு, இடம் மாறித் தொடங்கினாள். நான் கட்டிய காசுக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றியது.

இருந்தாலும் ஒன்றரை வருடம் எல்லாப் பிள்ளைக்கும் தேவைதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. வகுப்பில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஆறு மாதத்திலேயே தயாராக இருந்ததாக எனக்குப் பட்டது. சின்னவர்களோடு சேர்த்து அவர்களையும் காக்க வைத்தது நியாயமில்லை.

வகுப்பின் வீட்டுவேலையும் வழமையானதல்ல. ஒவ்வொரு தவணையிலும் பிள்ளை தன் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடமிருந்து ஒரு பாட்டைக் கேட்டுப் பழகிவர வேண்டும். எழுதி வரக்கூடாது, பாடித்தான் காட்ட வேண்டும். வன்னியில் இதற்குப் பஞ்சமில்லை. வயலில் குருவியையும் பன்றியையும் விரட்டப் பாடிய குருவிப்பள்ளு, பண்டிப்பள்ளு போன்றவையும் அருவிவெட்டுப் பாட்டுகளும் இந்த மண்ணுக்கே உரியவை. முள்ளியவளைப் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, தன் அம்மப்பா கோவலன் கூத்தில் ஆடிய காலத்துப் பாட்டைக் கொண்டுவந்தது. எழுபதுகளின் இறுதியில் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் காமன் கூத்துப் பாட்டைக் கொண்டுவருகிறார்கள்; அதைப் பாடும்போது கை தானாகத் தப்படிக்கும் தோரணைக்குப் போகிறது. எங்கள் வீட்டில் மாமியார் முதலில் "எனக்கென்ன பாட்டுத் தெரியும்" என்று மறுத்தார். மூன்றாம் நாள் இரவு குசினிக்குள் உளுந்து கழுவியபடியே அருவிவெட்டுப் பாட்டொன்றை முணுமுணுக்க, மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு வருடமாக அந்த வீட்டில் இருக்கும் எனக்கும் அன்றுதான் அவருக்குப் பாட வரும் என்று தெரியும். அவர் பாடியதில் நான்கு சுரங்களுக்கு மேல் இருக்கவில்லை. ஆனால் அந்த நான்குக்கும் இடையே அவர் குரல் வளைந்து போன விதத்தை மகளால் இன்னும் பிடிக்க முடியவில்லை. ஆசிரியை அதைத் திருத்தவும் இல்லை. "அப்பம்மாவிட்டையே திரும்பப் போய்க் கேளுங்கோ, என்னட்டை அது இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

தாளம் முற்றத்து மணலில் நடக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளையும் பிள்ளைகள் நடந்தே பழகுகிறார்கள்: தட்டு வரும் இடத்தில் சிரட்டையை மோதி, விரலெண்ணும் மூன்றுக்கும் மூன்று அடி வைத்து, வீச்சு வரும் இடத்தில் கையை விரித்து நிற்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். பாயில் இருந்து கையில் போடும்போது வேகம் கூட்டாமல் போடுகிறார்களே, அது அந்த மணலில் வந்தது.

இனிக் குறைகள். முதலாவது, பரீட்சை. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு இவர் பத்து வயதுக்கு முன் எந்தப் பிள்ளையையும் ஆயத்தம் செய்வதில்லை. அந்தச் சான்றிதழ்கள் பிற்காலத்தில் பயன்படுகின்றன என்பது பெற்றாருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டாம் தரம் முடித்திருக்க நம் பிள்ளை கிளிப்பாட்டில் நிற்கிறதே என்ற கவலையைத் தத்துவம் சொல்லி ஆற்ற முடியாது. இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது: இவர் பத்து வயதில் தொடங்கலாம் என்கிறார், அந்த வயதில்தான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்து நிற்கிறது, சனிக்கிழமைகளை ரியூசன் விழுங்கிவிடுகிறது. பாதி வழியில் நின்ற மூன்று பிள்ளைகளும் நாலாம் தரத்தில் நின்றவர்களே. இதற்கு அவரிடம் திருப்தியான பதில் இல்லை. "பாட்டு அவையளோட போயிருக்கும்" என்றார். அது அழகான பதில்தான், ஆனால் பதில் அல்ல.

இரண்டாவது, பெற்றாருக்கு அவர் ஒன்றும் விளக்குவதில்லை. ஏழு மாதம் கொப்பி ஏன் வெறுமையாக இருக்கும் என்று தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால், நான் தேவையில்லாமல் மனம் புழுங்கியிருக்க மாட்டேன். ஆண்டு விழாவும் இல்லை, முன்னேற்ற அறிக்கையும் இல்லை. வகுப்பு நிற்கும் நாட்களை வட்ஸ்அப்பில் சொல்வார்தான், ஆனால் பல தடவை நாங்கள் ஓட்டோவில் ஏறிய பிறகுதான் செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. பதினாறு பிள்ளைகள் என்பதும் அதிகம். இப்படி ஒவ்வொரு காதாகப் பார்த்துக் கற்பிக்கும் முறைக்குப் பத்துப் பேருக்கு மேல் தாங்காது.

பக்கத்தில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. நாலு மணிக்கு மோட்டர் இரையத் தொடங்கினால் மெல்லிய குரல்கள் கேட்கவே கேட்காது. ஆசிரியை இதையும் பாடமாக்கி, ஆலையின் இரைச்சலோடு ஒட்டி நிற்கும் சுரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு அது பிடித்த விளையாட்டுத்தான். எனக்கு அது சமாளிப்பாகவே படுகிறது. வகுப்பை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு எடுத்தால் காரியம் முடிந்தது.

இரண்டு வருடத்தில் சான்றிதழ் வேண்டும், கலைவிழா மேடையில் பிள்ளை தனித்துப் பாட வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே வந்து ஏமாற வேண்டாம். அதற்கு ஏற்ற வகுப்புகள் நகரத்திலேயே இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வயதுக்குள் பிள்ளை இருக்கிறது, அவசரமில்லை, பிள்ளைக்குக் குரல் இல்லை என்று யாராவது சொல்லியிருக்கிறார்கள் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ஒன்பது வயது தாண்டியிருந்தால், நேரே சுரப் பயிற்சிக்கு எடுப்பாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய பிள்ளைகளைத் தை மாதத்தில் மட்டுமே எடுக்கிறார், அதுவும் யாராவது விலகியிருந்தால்தான். வகுப்பு மூன்றிலிருந்து நாலரை வரை. மாரியில் கொட்டிலின் வடக்குப் பக்கம் ஒழுகும், பிள்ளையை உள்ளே தள்ளி இருக்கச் சொல்லி அனுப்புங்கள். கொப்பி இப்போதைக்கு வேண்டாம்.